ராபர்ட் கோக் சரித்திரமும் கிருமி சாஸ்திரம் பயிலும் முறையும்

மருத்துவத் தொழிலுக்குரிய உரிமைப் பரீட்சையை நோக்கிப் படிக்கும் மாணாக்கர்க்குக் கிருமி சாஸ்திரத்தைப் போல மனச்சோர்வு தரும் பாடங்கள் சிலவே. நூற்றுக்கணக்கான கிருமிகள், ஒவ்வொன்றுக்கும் நாவிற் புரளாத லத்தீன் பெயர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம், சாயம், உணவு, நஞ்சு, மருந்து. இவற்றையெல்லாம் நெட்டுருச் செய்து, பரீட்சை மண்டபம் வரையிற் சுமந்து சென்று, அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையராய் மீள்வோர் பலர். இத்தகையோர்க்குத் துணையாகும் என்று கருதி, அச்சாஸ்திரத்துக்கு உறுதியான ஓர் ஒழுங்கை அமைத்தளித்த ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியரது வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாய் எழுதப் புகுந்தோம். அவர் கிருமிகளைக் கற்ற முறையே நாம் கற்கத் தக்க முறையாகும். அம்முறையை அவரே கைநெகிழ விட்ட இடத்தில் நேர்ந்த இடரோ, நாம் என்றும் மறவாது நினைத்தற்குரிய எச்சரிக்கையாகும்.

ஹார்ட்ஸ் மலைப் பிரதேசத்தில், சுரங்கத் தொழிலுக்குப் பேர்போன கிளாஸ்தால் என்னும் ஊரிலே, 1843 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் கோக் பிறந்தார். தந்தையார் சுரங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மக்கள் பதின்மூவர் கொண்ட பெரிய குடும்பத்தில் இவர் மூன்றாமவர். ஐந்து வயதிலேயே, பிறர் எவரும் கற்பியாதிருக்க, பத்திரிகைத் தாள்களைக் கொண்டு தாமே எழுத்தறிந்து வாசித்துப் பெற்றோரை வியப்பில் ஆழ்த்தினார் என்பர். பிறர் சொல்லித் தருமளவும் காத்திராது, கண்ட பொருளைத் தாமே ஆராய்ந்தறியும் இக்குணம் இவரை ஆயுள் முழுதும் விட்டு நீங்கவில்லை.

1862 இல் கட்டிங்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்து, பின்னர் வைத்தியம் பயின்றார். அங்கே உடற்கூறு நூல் கற்பித்த ஜேக்கப் ஹென்லே என்னும் பேராசிரியர், தொற்றுநோய்கள் உயிருள்ள நுண்பொருள்களால் உண்டாகின்றன என்னும் கருத்தை 1840 ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டவர். அக்காலத்தில் அது கருத்தளவில் நின்றதேயன்றி, கையால் தொட்டுக் காட்டத்தக்க சான்று ஒன்றும் அதற்குக் கிடைத்திலது. கோக் 1866 இல் மிக்க சிறப்புடன் வைத்தியப் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே அரசாங்க உரிமைப் பரீட்சையிலும் தேறினார். பின்பு ஹாம்பர்க் நகர வைத்தியசாலையிற் காலரா நோயாளரைக் கண்டார். சிறு ஊர்கள் சிலவற்றிலே தொழில் நடத்தினார். ராக்விட்ஸ் என்னும் ஊரில் இருக்கையில், பகல் முழுதும் நோயாளரைப் பார்க்கும் வேலைக்கிடையே படித்து, மாவட்ட வைத்திய அதிகாரி பதவிக்குரிய பரீட்சையையும் கொடுத்து வெற்றி பெற்றார். ஆகவே, தொழிலும் குடும்பமும் ஒருபுறம் இழுக்கப் பரீட்சைப் படிப்பு மறுபுறம் இழுக்கும் துன்பத்தை இவர் அறியாதவரல்லர்.

பிரெஞ்சுப் போரில் தொண்டு புரிந்து மீண்டபின், 1872 இல் உல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட வைத்திய அதிகாரியாக அமர்ந்தார். இன்று அவ்வூர் போலந்து தேசத்தைச் சேர்ந்துள்ளது. அங்கே இவருக்கு ஆராய்ச்சிசாலை இல்லை, புத்தகசாலை இல்லை, உடன் ஆராயும் அறிஞர் ஒருவரும் இல்லை. மனைவியார் அளித்ததென்று சொல்லப்படும் ஒரு பூதக்கண்ணாடியும், தாமே தேடிச் சேர்த்த சில கருவிகளுமே இவரது செல்வம். நோயாளரைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியே இவரது ஆராய்ச்சிசாலை ஆயிற்று.

அந்நாட்டு ஆடுமாடுகளை அடைப்பான் நோய் வாரிக் கொண்டு சென்றது. அந்நோயால் இறந்த பிராணிகளின் இரத்தத்திலே கோல் போன்ற நுண்பொருள்கள் காணப்படுவதைப் போலண்டர், தாவேன் முதலியோர் முன்னரே கண்டிருந்தனர். ஆயினும், அவை நோய்க்குக் காரணமோ, அன்றி நோயினால் விளைந்தவையோ என்னும் ஐயம் தீர்ந்தபாடில்லை. அன்றியும், அக்கோல்கள் உடலுக்கு வெளியே விரைவில் அழிந்துபடுவனவாயிருக்க, சில மேய்ச்சல் நிலங்கள் ஆண்டுக்கணக்காய் நஞ்சுடையனவாய் இருப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கும் விடையில்லை.

கோக் இவ்விரு வினாக்களையும் பொறுமையுடன் எடுத்துக்கொண்டார். நோயுற்ற பிராணியின் மண்ணீரலிலிருந்து எடுத்த பொருளை மெல்லிய மரச்சிராய்களில் தோய்த்துச் சுண்டெலிகளின் உடலிற் செலுத்தினார், அவை மாண்டன. நலமுள்ள பிராணியின் இரத்தத்தை அவ்வாறே செலுத்திப் பார்த்தார்; எலிகளுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. பின்பு மாட்டுக் கண்ணினுள் இருக்கும் தெளிந்த நீர்த்துளியிலே அக்கோல்களை இட்டு, உடற்சூட்டிலே வைத்துப் பலமணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். கோல்கள் நீண்டு நூலிழைகளாயின. இழைகளினுள்ளே மணி கோத்தாற்போல வித்துகள் தோன்றின. உலர்ந்து கிடந்த வித்துகள் ஏற்ற உணவும் சூடும் பெற்றவிடத்து மீண்டும் கோல்களாயின. மேய்ச்சல் நிலத்தின் மர்மம் வெளியாயிற்று. மண்ணில் உறங்கிக் கிடந்தவை அவ்வித்துகளே.

1876 ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கோக் தம் கருவிகளையும் எலிகளையும் எடுத்துக்கொண்டு பிரெஸ்லா நகரம் சென்று, அங்கிருந்த தாவர நூல் அறிஞர் பெர்டினண்ட் கோன் முன்னிலையிலே தம் சோதனைகளைச் செய்து காட்டினார். பெயரறியாச் சிற்றூர் வைத்தியர் ஒருவர் தம் ஊக்கத்தாலேயே இத்தகைய முழுமையான ஆராய்ச்சியை முடித்தமை கண்டு அறிஞர் வியந்தனர். கோன் தம் பத்திரிகையிலேயே அவ்வாண்டில் அதனை வெளியிட்டார்.

இங்கே நம் மாணாக்கர் ஒன்று கவனிக்க வேண்டும். அடைப்பான் கிருமிக்கு வித்து உண்டு என்னும் செய்தியைத் தனியே மனனம் செய்வோர் ஒரு வாரத்தில் மறப்பர். நஞ்சுடைய மேய்ச்சல் நிலம், உலர்ந்த தோலையும் கம்பளியையும் கையாளும் தொழிலாளி, கொதிநீருக்கும் எளிதில் அழியாத வித்து, அதனைக் கொல்ல வேண்டுமாயின் அழுத்தத்தோடு கூடிய நீராவி என்று காரண காரியத் தொடராகக் கற்போர் மறவார். இக்காலத்து உரிமைப் பரீட்சை வினாக்களிற் பல ஒரு நோயாளியின் வரலாற்றோடு தொடங்குகின்றன. கிருமியின் பெயரோடு தொடங்குவனவல்ல. கம்பளித் தொழிலாளியின் கையில் வலியற்ற கரும்புண் என்று கண்டவுடனே கோக்கின் மேய்ச்சல் நிலம் நினைவுக்கு வருமாயின், விடையும் உடன் வரும்.

1880 இல் பெர்லின் நகரத்து அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குக் கோக் அழைக்கப்பட்டார். லெப்ளர், காப்கி என்னும் இளைஞர் இருவர் துணையாயினர். அப்பொழுது கிருமி ஆராய்ச்சியாளரை வருத்திய பெருங்குறை யாதெனில், பல இனக் கிருமிகள் ஒரே திரவத்திற் கலந்து வளர்ந்தமையே. எது எதன் காரியம் என்று பிரித்தறிதல் அரிதாயிற்று. அவித்து அறுத்த உருளைக்கிழங்கின் முகத்திலே வெவ்வேறு நிறப் புள்ளிகள் தோன்றுவதைக் கோக் கண்டார். ஒவ்வொரு புள்ளியும் ஒரே இனக் கிருமிகளின் குடியிருப்பு என்பது தெளிந்தார். திரவத்தில் கலந்தோடுவன திடப்பொருளின்மேல் இடம் பெயராது தனித்து வளரும் என்னும் இவ்வுண்மையே தனி வளர்ப்பு முறைக்கு அடிப்படையாயிற்று. முதலில் ஜெலாட்டின் கலந்த தட்டுகளைக் கையாண்டார். அது சூட்டில் உருகிற்று. அக்குழுவில் உழைத்த வால்டர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவியார் பேனி ஹெஸ்ஸே, சமையலில் பாகு கெட்டியாதற்குப் பயன்படும் அகர் என்னும் கடற்பாசிப் பொருளைச் சொல்லிக் கொடுத்தார். சமையலறையிலிருந்து வந்த அப்பொருளே இன்றளவும் உலகத்து ஆராய்ச்சிசாலைகளிலெல்லாம் விளங்குகின்றது. பெட்ரி என்னும் மற்றொரு துணைவர் 1887 இல் எழுதி வெளியிட்ட மூடியுள்ள கண்ணாடித் தட்டும் அவ்வாறே.

கலந்து கிடப்பதைப் பிரித்து வைத்தல் படிப்புக்கும் பொருந்தும். ஒரே நாளில் இருபது கிருமிகளை வாசிப்பவர் மனம் பல இனம் கலந்த திரவத்தை ஒக்கும். ஒத்த இயல்புடைய இரண்டையோ மூன்றையோ எடுத்துக்கொண்டு, அவை எதனால் ஒன்றுபடுகின்றன, எந்த ஒரு குறியால் வேறுபடுகின்றன என்று பிரித்தறிந்த பின்னரே அடுத்த இனத்துக்குச் செல்லுதல் நலம். 1884 இல் டென்மார்க்கு தேசத்துக் கிராம் என்பவர், பெர்லினில் இருந்தபோது கண்டறிந்த சாயமுறை, கிருமிகளிற் பெரும்பாலானவற்றை ஊதா, சிவப்பு என இரு பெருங்கூறாக்கி நமக்கு முதற்பிரிவை எளிதாக்கித் தந்துள்ளது. அதன்பின் வடிவம், காற்று வேண்டுமா வேண்டாமா என்பது, பிற சோதனைகள் என்று ஒவ்வொரு கிளையாய் இறங்கிச் செல்லலாம்.

கோக்கின் பெரும்புகழுக்குக் காரணமான செயல் 1882 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாள் நிகழ்ந்தது. அக்காலத்தில் மனிதருள் ஏழில் ஒருவர் க்ஷயரோகத்தால் இறந்தனர் என்று கோக்கே கணக்கிட்டுரைத்தார். அந்நோய் பரம்பரையாய் வருவதென்றே பலர் எண்ணினர். அதன் கிருமி எளிதில் கண்ணுக்குப் புலப்படவில்லை. வழக்கமான சாயங்களையும் ஏற்கவில்லை. கோக் நீலச் சாயத்துடன் காரம் சேர்த்து நெடுநேரம் ஊறவைத்து, பின்பு பழுப்புச் சாயத்தால் சுற்றியுள்ளவற்றை நிறம் மாற்றினார். மெல்லிய நீலக் கோல்கள் தோன்றின. அவற்றை உறைந்த இரத்த நீரின்மேல் இட்டு வளர்த்தார். பிற கிருமிகள் ஓரிரு நாளில் வளர, இவை இரண்டாவது வாரத்திலேதான் கண்ணுக்குத் தோன்றின. முதல் வாரத்தில் ஒன்றும் காணாமையால் தட்டுகளை எறிந்திருப்பாராயின், அக்கண்டுபிடிப்பு அவருக்குக் கிட்டியிராது. வளர்த்த கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி அதே நோயை உண்டாக்கினார். அவற்றின் உடலிலிருந்து அதே கிருமியை மீட்டெடுத்தார். பெர்லின் உடலியல் சங்கத்திலே இவர் பேசி முடித்தபோது எதிர்த்துரைக்க ஒருவரும் எழவில்லை என்பர். அவையிலிருந்த பால் எர்லிக் சாயமுறையைச் சீர்திருத்தினார். பின்வந்த சீல், நீல்சன் இருவரின் பெயரால் அது இன்றும் வழங்குகின்றது. அக்கிருமியின் மேலுறை மெழுகுத்தன்மையுடையது; ஆதலின் ஏற்ற சாயத்தை அமிலத்திலும் விடாது பற்றும். மெதுவாய் வளர்தல், நீண்டகால மருந்து வேண்டுதல் முதலிய இயல்புகளையும் இச்சரித்திரத்தோடு சேர்த்துக் கற்போர்க்கு அவை தனித்தனிச் சுமையாகா. மார்ச்சு 24 ஆம் நாளே இப்பொழுது உலக க்ஷயரோக நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவ்வாராய்ச்சிகளினின்றும் கோக்கும் அவர் மாணாக்கர் லெப்ளரும் வகுத்த நியதிகள் நான்கு என்று வழங்கும். நோயுள்ள இடந்தோறும் அக்கிருமியைக் காண்டல். அதனைத் தனியே பிரித்து வளர்த்தல். அவ்வளர்ப்பினால் நலமுள்ள பிராணியில் நோயை உண்டாக்கல். அப்பிராணியிலிருந்து அதே கிருமியை மீட்டல். இந்நான்கும் ஆராய்ச்சிக்கேயன்றிக் கல்விக்கும் அளவுகோலாகும். ஒரு கிருமியின் வடிவத்தைப் படத்திலும் கண்ணாடியிலும் காண்க, ஒத்தவற்றினின்றும் பிரிக்க, அது உடலிற் புகுந்து நோயை உண்டாக்கும் வழியை ஒரு நோயாளியின் வரலாறாக அமைத்துப் பார்க்க, முடிவில், நூலை மூடிவிட்டு, உள்ளே சென்றது வெளியே வருகிறதா என்று வெறுந்தாளில் எழுதி மீட்க. மாணாக்கருட் பெரும்பாலோர் நான்காவதையே விட்டுவிடுகின்றனர். வாசித்த பக்கத்தை மீண்டும் மீண்டும் வாசித்தல் அறிந்தாற்போன்ற மயக்கத்தைத் தருமேயன்றி, அறிவு நிலைத்தமைக்குச் சான்றாகாது. ஒரு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மீட்கப்படுவதே நம்முடையது.

1883 இல் எகிப்து தேசத்தில் காலரா தோன்றவே, கோக் தம் துணைவருடன் அங்குச் சென்றார். பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் வந்திருந்தனர். அவர்களுள் இளைஞரான லூயி துய்யே அந்நோய்க்கே இரையானார். நாட்டுப்பகை பாராது, கோக் அவரது இறுதிச் சடங்கிற் கலந்து மரியாதை செய்தார். எகிப்தில் நோய் தணியவே, அதன் தாயகமாகிய நம் இந்தியாவை நாடி அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே வைத்தியக் கல்லூரி மருத்துவமனையில் ஆராய்ந்து, காற்புள்ளிபோல் வளைந்த கிருமியைத் தனி வளர்ப்பாக 1884 ஜனவரியில் பெற்றார். காலரா நோயாளரிடத்தில் அது எப்பொழுதும் இருத்தலையும், பிற வயிற்றுநோயினரிடத்தில் இல்லாமையையும் கண்டார். நோய் பரவிய இடத்து மக்கள் குடித்துவந்த குளத்து நீரிலும் அதுவே காணப்பட்டது. இத்தாலியரான பாசினி 1854 இலேயே அக்கிருமியைக் கண்டெழுதியிருந்தும், உலகம் அதனைக் கவனித்திலது.

ஆயினும், கோக் எந்தப் பிராணிக்கும் காலராவை உண்டாக்க இயலவில்லை. மூன்றாம் நியதி இங்கே நிறைவேறாமையை அவர் மறைத்தாரல்லர். அக்குறை அதே கல்கத்தாவிலேதான் பிற்காலத்தில் நீங்கிற்று. சம்புநாத் தே என்னும் வங்காள வைத்தியர் முயலின் குடற்பகுதியைக் கட்டி அதனுட் கிருமியைச் செலுத்தி ஆராய்ந்து, கிருமி வெளிவிடும் நஞ்சே குடலில் நீரைப் பெருக்குகிறது என்று 1959 இல் காட்டினார். காலராவில் உயிரைக் கொள்வது நீரிழப்பே என்பதும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிரைக் காப்பது எங்ஙனம் என்பதும் இதனோடு ஒட்டி எளிதில் விளங்கும்.

விதிவிலக்குகளைத் தனிப்பட்டியலாகக் கற்றல் நலம். குஷ்டநோய்க் கிருமியை ஹான்சன் 1873 இல் கண்டார். இன்றளவும் அது செயற்கை உணவில் வளரவில்லை. மேகப்புண் கிருமியும் வழக்கமான தட்டுகளில் வளராது. வைரஸ்கள் உயிருள்ள அணுவினுள் அன்றிப் பெருகா. நலமுள்ளாரும் சில கிருமிகளைச் சுமந்து திரிவர். பரீட்சை வினாக்கள் இத்தகைய இடங்களை நாடுவதில் வியப்பில்லை. நோயாளியிடத்தில் பிழை நேர்வதும் இவ்விடங்களிலேயே.

இனி, புகழின் உச்சியில் நேர்ந்த வீழ்ச்சியைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 1890 ஆகஸ்டில் பெர்லினில் கூடிய சர்வதேச வைத்திய மகாநாட்டிலே, க்ஷயக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கண்டதாகக் கோக் அறிவித்தார். அதன் சேர்க்கையை உடனே வெளியிடவில்லை. நம்பிக்கையிழந்த நோயாளர் பல தேசங்களினின்றும் பெர்லினுக்கு விரைந்தனர். டியூபர்குலின் என்னும் அம்மருந்து நோயைத் தீர்க்கவில்லை, சிலருக்கு நோய் முற்றிற்று, சிலர் மாண்டனர். மருந்து பெற்று இறந்தோரின் உடல்களை அறுத்துப் பார்த்த விர்ஷோ, அவற்றிலே புதிய நோய்க்குறிகளையே கண்டுரைத்தார். கிருமி வளர்ப்பினின்றும் கிளிசரினால் எடுத்த சாரமே அது என்பது 1891 ஜனவரியில் வெளியாயிற்று. ஒவ்வொரு படியையும் பிறர் காண நிறுவிய அவர், இங்கே போதிய சோதனையின்றி முடிவுக்கு விரைந்தார். அதன் விலையை ஏழை நோயாளர் செலுத்தினர். அப்பொருள் பின்னர் நோயை உண்டாக்கும் தொற்றைத் தோற்சோதனையால் அறிதற்குப் பயன்பட்டமை உண்மையேயாயினும், மாண்டோர் மீண்டாரல்லர்.

1892 இல் ஹாம்பர்க் நகரத்தில் காலரா பரவி ஏறத்தாழ 8,600 பேர் மாண்டபோது, கோக்கின் கொள்கை வலுப்பெற்றது. எல்பா நதியின் நீரை வடிகட்டாது குடித்த ஹாம்பர்க் அழிந்தது. அதே நதிநீரை மணலில் வடிகட்டிய அடுத்த நகரமாகிய ஆல்டோனா பெரும்பாலும் தப்பிற்று. கோக்கை எதிர்த்த பெட்டன்கோபர் என்னும் முதியவர் அவ்வாண்டில் காலராக் கிருமிகளையே விழுங்கிக் காட்டினார். சிறு வயிற்றுப்போக்கோடு பிழைத்தார். விதையேயன்றி நிலமும் நோக்கத்தக்கது என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

கோக் தென்னாப்பிரிக்காவில் மாடுகளின் வெக்கை நோயையும், 1897 இல் பம்பாயில் பிளேக்கையும், பின்னர்ப் பல தேசங்களில் மலேரியாவையும் ஆராய்ந்தார். மாட்டுக் க்ஷயத்தால் மனிதர்க்கு அபாயம் மிகக் குறைவு என்று 1901 இல் இவர் கூறியது பிழையென்று பின்னர் நிறுவப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1906, 1907 ஆம் ஆண்டுகளில் உறக்கநோய்க்கு அட்டாக்ஸில் என்னும் பாஷாண மருந்தை மிகுதியாய்க் கொடுத்தமையால் சிலர் கண்ணொளி இழந்தனர் என்பதும் இவர் சரித்திரத்தின் நிழற்பகுதியே. 1905 இல் க்ஷயரோக ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார். 1910 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆம் நாள் பாடன்-பாடன் நகரில் உயிர்நீத்தார். அவர் பெயர் தாங்கிய பெர்லின் ஆராய்ச்சி நிலையத்திலேயே அவரது சாம்பல் வைக்கப்பட்டுள்ளது. பேரிங், எர்லிக், கிட்டசாட்டோ, லெப்ளர், காப்கி முதலிய பேரறிஞர் அவரிடம் பழகி உருவானவர்.

மாணாக்கர்காள்! பரீட்சையில் தேறுதல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் உரிமைச் சீட்டு, நோயாளியின் உயிரை நம் கையில் ஒப்புவிக்கும் சீட்டேயாம். கிருமியின் பெயரறியாமையால் இழப்பன சில மதிப்பெண்கள். அறியாததை அறிந்ததாய் எண்ணும் மயக்கத்தால் இழப்பது ஒரு தாயின் மகவாயிருக்கலாம். உல்ஸ்டைன் ஊரின் சிற்றறையில் கோக் காத்த பொறுமையைக் கைக்கொள்வோமாக. பெர்லினில் அவர் காட்டிய விரைவை விலக்குவோமாக. கண்டு, பிரித்து, காரணம் தெளிந்து, நூலை மூடி மீட்டுக் கற்ற கல்வி, பரீட்சை மண்டபத்தைக் கடந்தும் நம்முடன் நோயாளியின் படுக்கை வரையில் வரும்.